முனை அடைக்காத குழாய்

சந்தையிலிருந்து மரக்கறிப் பையோடு திரும்பிய மார்ஜரி கேட்டைத் திறந்தபோது, பிக்கப்பை மூடியிருந்த தார்ப்பாய் மடித்துச் சுவரோரம் வைக்கப்பட்டிருந்தது. வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு பாதங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு கணம் அவள் நெஞ்சு முட்டாள்தனமாகத் துள்ளியது. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து வந்ததும் வின்சன்ட் அப்படித்தான் சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டு, வண்டிக்கு அடியில் கிடந்தபடியே அவளோடு கதை பேசிக்கொண்டிருப்பார். பிறகு அந்தப் பாதங்களின் சிறுமையும், குதிகாலில் ஒட்டியிருந்த பிளாஸ்டரும் கண்ணில் பட்டன. துள்ளியது அடங்க வெகு நேரம் எடுத்தது.

"கொறற்றி, வெளிய வா."

"இருங்கம்மா. ஒரு நட்டு அசையுது, ஒண்ணு அசைய மாட்டேங்குது."

"எந்த நட்டு?"

அடியில் ஸ்பேனர் மறுபடி இரும்பில் கிறீச்சிட்டது. எந்த நட்டு என்று மார்ஜரிக்குத் தெரியும்.

பின்சக்கரங்களைத் தாங்கும் அச்சுக்கும் வண்டியின் சட்டத்துக்கும் நடுவே, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இரும்புக் குழாய்கள் பூட்டப்பட்டிருந்தன. இப்போது அவை முழுதாக இல்லை. இரண்டும் நடுவில் அறுக்கப்பட்டு நான்கு துண்டுகளாகத் தொங்கின. வண்டியை யாராவது தள்ளி நகர்த்தினால் ஒன்றோடொன்று முட்டாமல் தனித்தனியே ஆடின.

அவற்றைப் பூட்டியது வின்சன்ட். அவருக்கு லைட்டும் ஸ்பீக்கரும் வாடகைக்கு விடுகிற தொழில். ஜெனரேட்டரை ஒரு டிரெய்லரில் ஏற்றிப் பிக்கப்பின் பின்னால் கொழுவிக்கொண்டு தேயிலைத் தோட்டம் தோட்டமாகப் போவார். கோவில் திருவிழா, மாதா திருநாள், கல்யாணம், கருமாதி, எதுவானாலும் வெளிச்சம் அவருடையது. இரத்தோட்டைப் பக்கம் பரவாயில்லை. எல்கடுவ மலை ஏற்றத்தில்தான் வண்டி மானத்தை வாங்கும். கொண்டை ஊசி வளைவில் டிரெய்லரின் பாரம் பின்னால் இழுக்க, முதல் கியரில் மிதித்ததும் பின் அச்சு முறுக்கிக்கொள்ளும். ஸ்பிரிங் தகடுகள் பாம்பு போல் நெளியும். சக்கரங்கள் தரையைப் பிடிக்காமல் தவளை போலத் தத்தும். உதவியாளாகக் கூடவே போகும் இருளாண்டி கட்டையைத் தூக்கிக்கொண்டு கீழே குதித்துச் சக்கரத்துக்கு அண்டை கொடுப்பான். அப்படி ஒரு நாள் வண்டி பள்ளத்தின் விளிம்பு வரை பின்னால் வழுக்கிப் போனதற்குப் பிறகுதான், அச்சு முறுக்காமல் தாங்கிப் பிடிக்கிற கம்பிகளைச் செய்து தரச் சொல்லி வின்சன்ட் பலீலிடம் போனார்.

இரத்தோட்டை ரோட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த பலீல் அரைகுறையாக எதையும் செய்கிறவர் இல்லை. நல்ல கனமான குழாயாகப் பார்த்து எடுத்து, உள்ளே தண்ணீர் போய்த் துருப்பிடிக்காமல் இரண்டு முனைகளையும் தகடு வைத்து அடைத்து, ராவி, கறுப்புப் பெயின்ட் அடித்துக் கொடுத்தார். வெல்டிங் பிடித்த இடம் தெரியவில்லை. வின்சன்ட் மார்ஜரியைக் குனிய வைத்துக் காட்டினார். "பாரு, கம்பெனில செஞ்ச மாதிரி இருக்கு."

யுத்தம் மறுபடியும் மூண்டிருந்த காலம். அவர்கள் வீடு அலுவிகாரையில் பெருந்தெருவை ஒட்டி இருந்தது. நகரத்துப் பக்கமாகத் தெரு வளையும் இடத்துக்கு அப்பால், வீட்டிலிருந்து பார்த்தால் தெரியாத தூரத்தில், ஒரு சோதனைச் சாவடி. எங்கே போவதானாலும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். புதுக் குழாய் பூட்டிய வண்டியோடு முதல் பயணம் போய்விட்டுத் திரும்பி வரும்போது, கண்ணாடி பூட்டிய நீளத்தடியை வண்டிக்கு அடியில் விட்டுப் பார்த்தவர்கள் வின்சன்டை இறங்கச் சொன்னார்கள்.

"குழாய்க்குள்ள என்ன இருக்குன்னாங்க. ஒண்ணுமில்லன்னாரு ஐயா. அப்ப தெறன்னாங்க," என்று இருளாண்டி அன்று மாலை வாசலில் நின்று சொன்னான். அவன் கையில் ஐயாவின் தொப்பி இருந்தது. "தெறக்க அது என்ன போத்தலாம்மா? ரெண்டு பக்கமும் ஒட்டியில்ல இருக்கு. அதத்தான் ஐயா சிரிச்சிக்கிட்டே சொன்னாரு. சிரிச்சதுதான் பிழையோ என்னமோ. அவர வேற வண்டில ஏத்துனாங்க. என்னையப் போன்னுட்டாங்க."

மழைக்காலம் முடிந்த பிறகு வண்டி மட்டும் திரும்பி வந்தது. குழாய்களை வாளால் அறுத்துப் பார்த்திருந்தார்கள். உள்ளே காற்றுத்தான் இருந்திருக்கும். அதைப் பார்த்த பிறகும் ஆளை ஏன் விடவில்லை என்று கேட்க அவள் ஏறி இறங்கிய வாசல்களில் எல்லாம், அப்படி ஒரு ஆள் வரவே இல்லை என்றார்கள். அவள் தார்ப்பாயை வாங்கி வந்து வண்டியை மூடினாள். அறுபட்ட துண்டுகளைத் தொட யாரையும் விடவில்லை. ஒன்றுமில்லை என்று வின்சன்ட் சொன்னது உண்மை என்பதற்கு உலகத்தில் இருந்த சாட்சி அந்த நான்கு துண்டுகள்தான்.

இப்போது மகள் அவற்றைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

கொறற்றி முழங்கையால் ஊன்றி வெளியே வந்தாள். கன்னத்தில் கிரீஸ் அப்பியிருந்தது. "இருளாண்டி மாமா வந்துட்டுப் போனாரு. எல்கடுவயில மாசித் திருவிழாவாம். தோட்டத்துத் தலைவரு பழனிமுத்து கேட்டு விட்டிருக்காரு, வின்சன்ட் வீட்டு லைட் வருமான்னு. வரும்னு சொல்லிட்டேன்."

"யாரு ஓட்டுறது?"

"நான்தான். லைசன் எடுத்தது சட்டம் போட்டுச் சுவத்துல மாட்டவா?"

"வேணாம்."

"அம்மா..."

"வேணாம்னா வேணாம். வண்டிய வித்துருவோம்."

கொறற்றி பழந்துணியில் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். "நீங்க ரோட்டுச் சத்தத்தையே கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கீங்க. ஒரு லொறி பிரேக் போட்டா எழும்புறீங்க. ஒரு வேன் ஸ்லோ பண்ணினா எழும்புறீங்க. நீங்க எழும்புறதப் பாத்து நானும் எழும்புறேன். இப்பிடியே இந்த வீட்டுக்குள்ள இருக்க என்னால ஏலாதும்மா. பைத்தியம் புடிச்சிரும்."

மார்ஜரி மரக்கறிப் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். போஞ்சியை நறுக்கத் தொடங்கினாள். பாதியில் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள், திரும்ப வந்து திறந்தாள். மகள் சொன்னது உண்மை. வளைவுக்கு அப்பால் பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு வண்டியையும் அவளுக்குச் சத்தத்தை வைத்தே தெரியும். எது அரிசி லொறி, எது தம்புள்ளை மரக்கறி லொறி, எது பஸ், எது எவ்வளவு நேரம் நிற்கிறது. நிற்கிற வண்டி மறுபடி கிளம்புகிற வரை கையில் இருக்கிற வேலை ஓடாது.

மறுநாள் கொறற்றி, அந்தக் கம்பிகள் இல்லாமலே வண்டி ஏறும் என்று காட்டுவதாகச் சொல்லி, டிரெய்லரைக் கொழுவிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் மிளகுத் தோட்டத்துக்குப் போகும் மேட்டுப்பாதையில் ஏற்றினாள். மார்ஜரி கீழே நின்று பார்த்தாள். பாதி மேட்டில் பின்சக்கரங்கள் தத்தத் தொடங்கின. தட், தட், தட் என்று யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி. ரப்பர் கருகும் வாடை வந்தது. டிரெய்லர் கோணலாகத் திரும்பி வண்டியைப் பின்னால் இழுத்தது. ஸ்டியரிங்குக்கு மேல் தெரிந்த மகளின் முகம் வெளுத்திருந்தது. இருளாண்டி கட்டையோடு ஓடி, விழுந்து, எழும்பிச் சக்கரத்துக்கு அடியில் அதைத் தள்ளினான்.

"நல்லாத்தான் ஓட்டுது புள்ள," என்றான், முழங்காலில் வழிந்த இரத்தத்தைத் துடைத்துக்கொண்டே. "கழுத மாதிரி ஒதைக்கிறது வண்டிதான். கம்பி போடாம எல்கடுவைக்குப் போனோம்னா, நேரா கீழ ஆத்துலதான் திருவிழா."

யாரும் சிரிக்கவில்லை. கொறற்றி இறங்கி வந்து சக்கரத்தின் பக்கத்தில் குந்திக்கொண்டாள். போகமாட்டேன் என்று அவள் சொல்லப்போவதில்லை என்பது மார்ஜரிக்கு அந்த முதுகைப் பார்த்ததுமே விளங்கியது. தகப்பனின் முதுகு. கம்பி இல்லாமல் போனால் மலை எடுத்துக்கொள்ளும். கம்பியோடு போனால் சாவடி. இரண்டில் எதைத் தேர்வது என்று ஒரு தாயிடம் கேட்டால் அவள் என்ன சொல்வாள்? அன்றிரவு அவள் படுத்திருந்ததை விட எழுந்து நடந்ததே அதிகம். விடிந்ததும் சேலையை மாற்றிக்கொண்டு வந்து வண்டியின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"எங்கம்மா?"

"பலீல்கிட்ட. இரும்பு நான்தான் பாத்து எடுப்பேன்."

பின்தட்டில் இருளாண்டியோடு வண்டி பட்டறைக்குள் நுழைந்ததும், ஒரு ஜன்னல் கம்பியை வளைத்துக்கொண்டிருந்த பலீல் அப்படியே நிமிர்ந்து நின்றார். வின்சன்ட் போன பிறகு அவர் வீட்டுப் பக்கம் வரவில்லை. பெருநாளைக்கு வட்டிலப்பம் மட்டும் யார் கையிலாவது வந்துவிடும். தாடி இப்போது பாதிக்கு மேல் நரைத்திருந்தது.

"வாங்க அக்கா. இரிங்க," என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். கண்களை அவள் செருப்பிலேயே வைத்திருந்தார்.

கொறற்றி விஷயத்தைச் சொன்னாள். பலீல் வண்டிக்கு அடியில் குனிந்து, தொங்கிய துண்டுகளைப் பார்த்துவிட்டு, சிறிது நேரம் எழும்பவே இல்லை. எழும்பியதும் கைகளைத் தட்டிக்கொண்டார்.

"கெட்டிக் கம்பி போடுவோம் மகள். அதுக்குள்ள ஒண்ணும் வைக்க ஏலாதுன்னு பாத்த ஒடனே விளங்கும்."

"தள்ளுற தள்ளுக்கு வளஞ்சிராதா? அதனாலதானே அப்பா கொழாய் போட்டாரு?"

"வளையும்தான். வளையாத மொத்தத்துல போட்டா பாரம் கூடிரும்." அவர் மூலையில் சாத்தியிருந்த இரும்புகளைக் காலால் புரட்டினார். "வாய் தொறந்த சேனல் இரும்பு ஒண்டு இரிக்கி. உள்ளுக்கு எல்லாம் தெரியும். ஆனா அது முறுக்கிரும். மலைக்கு நல்லது கொழாய்தான் அக்கா. நான் பொய் சொல்ல மாட்டன். ஆனா கொழாய் போடச் சொல்லி என்னக் கேக்காதீங்க."

மார்ஜரி ஸ்டூலிலிருந்து எழுந்தாள். மூலையில் சாத்தியிருந்த குழாய் ஒன்றைத் தூக்கி, துப்பாக்கி பிடிப்பதைப் போல் கண்ணுக்கு நேராகப் பிடித்து அதற்குள் பார்த்தாள். அந்தப் பக்கத்தில் வட்டமாக ரோட்டின் ஒரு துண்டும், கடந்து போன ஒரு சைக்கிள் சக்கரமும் தெரிந்தன.

"இதையே போடுங்க. முனைய அடைக்காதீங்க. பக்கத்துல நெடுக ஓட்ட போடுங்க. இந்தப் பக்கம் குனிஞ்சி பாத்தா அந்தப் பக்கம் வெளிச்சம் தெரியணும்."

"ஓட்ட போட்டா தண்ணி போகும், சேறு போகும். உள்ளுக்குள்ளயே துரு தின்னுட்டு வரும் அக்கா."

"தின்னட்டும்."

"ரெண்டு மழை தாங்காது..."

"திரும்பச் செஞ்சிக்கலாம் பலீல். கொழாய் திரும்பச் செஞ்சிக்கலாம்."

பலீல் குழாயை அளந்து அறுத்தார். மேலும் கீழும் துளைத்தால் பலம் போய்விடும் என்று முணுமுணுத்துக்கொண்டே பக்கவாட்டில் மட்டும் குறியிட்டுத் துளைத்தார். இரும்புச் சுருள்கள் காலடியில் சூடாக விழுந்தன. சட்டத்தோடு சேரும் முனையில், வண்டி குதிக்கும்போது கம்பி அசைந்து கொடுப்பதற்கு ரப்பர் வைத்தார். பெயின்ட் டின்னைப் பழக்கதோஷத்தில் எடுத்தவர், மார்ஜரியின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். புதுப் பெயின்டும் ஒரு குற்றமாகப் போகலாம்.

பழைய துண்டுகளைக் கழற்றும் நேரம் வந்தது. தான் இறுக்கிய நட்டை அவரே தளர்த்தினார். ஒவ்வொரு துண்டாக வாங்கி மார்ஜரி சாக்கில் போட்டாள்.

"நான் அண்டைக்கு முனைய அடைக்காம விட்டிருந்தா..." பலீல் வண்டிக்கு அடியில் இருந்தபடியே சொன்னார். முகத்தை வெளியே காட்டவில்லை.

மார்ஜரி கடைசித் துண்டைக் கையில் வைத்திருந்தாள். ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது வேறு. "வண்டி திரும்பி வந்த அன்னைக்கு நான் இதுக்குள்ள பாத்தேன் பலீல். ஒரு பொட்டுத் துரு இல்ல. அப்பத்தான் கடையில வாங்குன மாதிரி இருந்துச்சு. அவ்வளவு நல்லா அடைச்சிருந்தீங்க."

பலீல் வெளியே வந்தார். வெல்டிங் முகமூடியை எடுத்து முகத்தின் மேல் இறக்கிக்கொண்டு நின்றார். அவர் இன்னும் நெருப்பை மூட்டவில்லை. கையில் வெல்டிங் கம்பிகூட இல்லை. கொறற்றி திரும்பித் தெருவைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில்தான் அந்தச் சத்தம் முதலில் கேட்டது. நேர்ப்பாதையில் வேகம் கூடியதும் வண்டிக்கு அடியிலிருந்து ஒரு மெல்லிய ஊதல் எழுந்தது. வேகம் கூடக் கூட அது உயர்ந்தது, குறைந்தால் தணிந்து மறைந்தது. துளைகளில் காற்று புகுந்து ஊதியது.

"அட, நாயனம் வச்சிக் குடுத்திருக்காரு பலீல் நானா!" என்று பின்னாலிருந்து இருளாண்டி கத்தினான். "பாப்பா, இனிமே ஸ்பீக்கரே தேவயில்ல. கல்யாண வீட்டச் சுத்தி ரெண்டு ரவுண்டு அடிச்சா போதும்!"

கொறற்றி வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு வீட்டில் கேட்டுப் பல மாதம் ஆகியிருந்தது. மார்ஜரி சிரிக்கவில்லை. அவள் அந்த ஊதலைக் காதில் போட்டு வைத்துக்கொண்டிருந்தாள். லொறிச் சத்தம், பஸ் சத்தம் எல்லாவற்றுக்கும் நடுவில் இது தனியாகக் கேட்குமா என்று. அன்று சாவடியில் ஒரு பஸ்ஸை மறித்து ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தவர்கள், பிக்கப்பின் அடியைப் பார்க்காமலே போகச் சொன்னார்கள்.

திருவிழாவுக்கு முதல்நாள் பின்னேரம் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு கிளம்பியபோது, சாவடி வரை வருகிறேன் என்று அவளும் ஏறிக்கொண்டாள். அதற்கு மேல் போக மாட்டாள். வின்சன்ட் போன நாளிலிருந்து எந்த இரவும் அந்த வீட்டில் ஆள் இல்லாமல் இருந்ததில்லை. அவர் வந்து கதவைத் தட்டும்போது திறக்க ஒருவர் வேண்டும்.

தார்ப் பீப்பாய்களுக்கு நடுவே கொறற்றி வண்டியை நிறுத்தினாள். பொம்பளைப் பிள்ளை ஓட்டுவதைப் பார்த்து இரண்டு சிப்பாய்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கண்ணாடித்தடி வண்டிக்கு அடியில் போயிற்று. பின்சக்கரத்துக்கு அருகில் வந்ததும் நின்றது.

"இது என்ன?" என்று சிங்களத்தில் கேட்டான் தடியைப் பிடித்திருந்த சிப்பாய்ப் பையன். உதட்டுக்கு மேல் பூனைமயிர்.

இறங்கு என்று சொல்வதற்கு முன்பே மார்ஜரி இறங்கிவிட்டாள். சேலையைச் செருகிக்கொண்டு தார்ரோட்டில் மண்டியிட்டாள். இடுப்பில் செருகி வைத்திருந்த தென்னை ஈர்க்கை எடுத்தாள். வீட்டுத் துடைப்பத்திலிருந்து உருவியது. முதல் துளையில் விட்டு அந்தப் பக்கம் வெளியே எடுத்துக் காட்டினாள். அடுத்ததிலும் விட்டாள். அதற்கடுத்ததிலும். "ஒன்றுமில்லை மகனே," என்று சிங்களத்தில் சொன்னாள். "காற்று மட்டும்தான். மலையில் வண்டி வழுக்காமல் இருக்கப் போட்டது. குனிந்து பாருங்கள், அந்தப் பக்கம் தெரியும்."

அவன் குனிந்து பார்த்தான். ஒரு துளையில் கண்ணை வைத்து மறுபக்கத்தில் நின்ற தன் கூட்டாளியின் சப்பாத்தைப் பார்த்துவிட்டு ஏதோ பகிடி சொன்னான். மற்றவனும் சிரித்தான். "ஹரி நோனா, யன்ன," போகலாம் என்று கையசைத்தான்.

மாமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த சாதாரண உடுப்புக்காரர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் குழாயைப் பார்க்கவே இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கொறற்றியையும் வண்டியின் நம்பரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாவடியைத் தாண்டியதும் மார்ஜரி இறங்கிக்கொண்டாள். "அந்த மரத்தடி ஆளு..." என்று தொடங்கினாள்.

"பாத்தேன்மா."

"வரும்போது சிரிக்காத. என்ன கேட்டாலும் சிரிக்காத."

"சரிம்மா. நீங்க போங்க."

வண்டி நகரத்துப் பக்கம் போயிற்று. ஊதல் எழுந்து, உயர்ந்து, கடைகளின் இரைச்சலில் கரைந்தது. அவள் தனியாகச் சாவடி வழியே வீட்டுக்குத் திரும்பி நடந்தாள். கையில் இன்னும் ஈர்க்கு இருந்தது.

அந்த இரவைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. அது முடிந்தது. அடுத்த நாளும் அதற்கடுத்த இரவும்கூட முடிந்தன. திருவிழா கலைந்த மறுநாள் விடியலில் பனி விலகாமலே இருந்தது. மார்ஜரி அடுப்பில் தண்ணீர் வைத்தாள். ஒரு கிளாஸ் தண்ணீர் கூடுதலாக வைத்துவிட்டதை உணர்ந்து குறைக்கப் போனவள், அப்படியே விட்டாள். சாக்கில் இருந்த நான்கு துண்டுகளும் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. முந்தின இரவு அவற்றில் ஒன்றை எடுத்து விரலை உள்ளே விட்டுப் பார்த்திருந்தாள். விரலில் சிவப்பாகத் துரு ஒட்டியது. அறுத்த பிறகு வந்த துரு. அது நல்லதா கெட்டதா என்று அவளுக்கு விளங்கவில்லை.

ஒரு லொறி போயிற்று. முதல் பஸ் போயிற்று. பிறகு, நகரத்துப் பக்கமிருந்து, பனிக்குள் நூல் இழுப்பதைப் போல அந்த ஊதல் வந்தது.

அவள் கேட்டுக்கு ஓடினாள். சந்தேகமே இல்லை. நேர்ப்பாதையில் வருகிறாள். உயர்ந்து ஒலிக்கிறது, நன்றாக மிதிக்கிறாள். மெதுவா வா, மெதுவா வா என்று வாய்க்குள் சொன்னாள். வளைவுக்கு அப்பால் ஊதல் தணிந்தது. இன்னும் தணிந்தது. நின்றது.

சாவடி.

மார்ஜரி கேட்டின் கொண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே தண்ணீர் கொதித்து மூடி ஆடுகிற சத்தம் கேட்டது. ஒரு காகம் கத்தியது. அதை அடித்து விரட்ட வேண்டும் போல் இருந்தது. தெரு வெறுமையாகக் கிடந்தது. நடுத்தெருவில் சுருண்டு படுத்திருந்த நாய் ஒன்று தலையைத் தூக்கி வளைவின் பக்கம் பார்த்தது. காதுகள் இரண்டையும் நிமிர்த்தியது. தூக்கிய தலையை அது இன்னும் கீழே வைக்கவில்லை.